பெங்களூருல தெருவுக்குத் தெரு... சென்னையில ஒண்ணுகூட இல்ல! கிராஃப்ட் பீர் ஏன் எல்லை தாண்டல?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓ.எம்.ஆர். ஆபீஸ்ல லாக்-அவுட், நேரா சென்ட்ரல், அங்கிருந்து ரயில். ராத்திரி பெங்களூரு. சனிக்கிழமை மதியம் இந்திராநகர் 100 அடி ரோட்டில் ‘டோயிட்’ வாசலில் டேபிளுக்காகக் காத்திருப்பு. சென்னை ஐடி வட்டாரத்தில் இப்படி ஒரு வீக்எண்ட் பிளான் போடாத நண்பர் குழுவைக் கண்டுபிடிப்பது கஷ்டம். போயிட்டு வந்த எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாங்க: “இது ஏன்டா நம்ம ஊர்ல இல்ல?”

பெங்களூருல மட்டும் 70-க்கும் மேற்பட்ட மைக்ரோபிருவரிகள் இருக்கு. புனே, மும்பை, ஹைதராபாத், குருகிராம்னு பட்டியல் நீளும். மாசத்துக்கு ஒரு புது பீர், வருஷத்துக்கு ஒரு புது டாப்ரூம்னு இந்தக் கம்பெனிகள் விரிவடையுறாங்க. ஆனா அந்த விரிவாக்கத்தை கவனிச்சுப் பார்த்தா ஒரு விஷயம் புரியும். அது எங்க போகுது, எங்க நிற்குதுங்கிறதை முடிவு பண்றது பீரின் சுவையோ வாடிக்கையாளர் கூட்டமோ கிடையாது. அந்தந்த மாநில கலால் துறையோட உரிமத் தாள்தான்.

(முதல்லயே சொல்லிடுறோம். மது உடல்நலத்துக்குக் கேடு. குறைஞ்ச அளவு குடிச்சாலும் ஆபத்து இல்லைன்னு சொல்ல முடியாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-லேயே சொல்லிடுச்சு. ஒரு தொழில் ஏன் இப்படி இயங்குதுன்னு பார்க்கிறதுதான் இங்க நம்ம வேலை.)

கிராஃப்ட் பீர்னா என்ன... சாதா பீர்ல இருந்து என்ன வித்தியாசம்?

எந்த பீருக்கும் அடிப்படை நாலே பொருள்தான்: தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்தின பார்லி அல்லது கோதுமை. அதை உடைச்சு, சுமார் 65 டிகிரி வெந்நீர்ல ஊறவெச்சா தானியத்தில் இருக்கிற மாவுச்சத்து சர்க்கரையா மாறும். கேழ்வரகை முளைகட்டிக் காயவெச்சு அரைக்கிற வீட்டில் வளர்ந்தவங்களுக்கு இது புதுசில்ல. முளைகட்டின தானியம் லேசா இனிக்குதே, அதே வேதியியல்தான். அந்த இனிப்புத் தண்ணியை ஹாப்ஸ் என்ற பூவோட சேர்த்துக் கொதிக்க வெச்சா கசப்பும் வாசனையும் வரும். ஆறவெச்சு ஈஸ்ட் போட்டா அது சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடும்.

வித்தியாசம் இங்கிருந்துதான் ஆரம்பிக்குது. கடையில கிடைக்கிற பாட்டில் பீர் பெரும்பாலும் லாகர் வகை. குளிர்ச்சியான வெப்பநிலையில் பல வாரம் பொறுமையா ஊறணும். அப்புறம் வடிகட்டி, சூடுபடுத்தி கிருமி நீக்கி அடைப்பாங்க. மாசக்கணக்கில் கெடாது. மைக்ரோபிருவரியில் காய்ச்சுறது பெரும்பாலும் ஏல் வகை. கிட்டத்தட்ட 20 டிகிரியில் ரெண்டு மூணு வாரத்தில் தயாராயிடும். ஒரு சின்ன பிருவரிக்கு ஏழெட்டு டேங்க்தான் இருக்கும். ஒரு டேங்க் எத்தனை நாள் மாட்டிக்கிட்டு நிக்குதுங்கிறதுதான் அவங்களுக்குப் பணம். அதனால சீக்கிரம் ரெடியாகிற பீர்தான் லாபம்.

எந்த டாப்ரூமுக்குப் போனாலும் மெனுவில் முதல் வரியில் ஒரு கோதுமை பீர் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? டோயிட்டில் ‘டோயிட் வைஸ்’, ஆர்பரில் ‘பெங்களூர் ப்ளிஸ்’. ஜெர்மனியின் பவேரியா பகுதியில் இருந்து வந்த ஹெஃபவைசன் வகை இது. குடிச்சா வாழைப்பழ வாசனையும் லவங்க வாசனையும் வரும். ஆனா உள்ள வாழைப்பழமும் இல்ல, லவங்கமும் இல்ல. ரெண்டுமே அந்த ஈஸ்ட் உருவாக்குற வாசனை. கசப்பு கம்மி, சீக்கிரம் தயாராகும், வெயிலுக்குத் தோதா இருக்கும். முதல் தடவை குடிக்கிறவங்களை முகம் சுளிக்க வைக்காத பீர் என்பதால் இந்திய டாப்ரூம்களின் சோறு போடுற அயிட்டம் இதுதான்.

ஹாப்ஸும் சிறப்பு மால்ட்டும் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து வருது. அதனால ‘நம்ம ஊர்’ அடையாளத்தை வேற பொருள்ல காட்டுறாங்க. டோயிட்டின் ‘பாஸ்மதி ப்ளாண்ட்’ பேரிலேயே அரிசி இருக்கு. பிரா 91 கம்பெனி 2021-ல் கோகம் சேர்த்த புளிப்பு பீர், மாம்பழ லஸ்ஸி பீர்னு ஒரு வரிசையே இறக்குச்சு. காபி, வெல்லம், ராகின்னு ஒவ்வொருத்தரும் ஒண்ணு முயற்சி பண்றாங்க. சிலது உண்மையிலேயே நல்லா இருக்கும். சிலது இன்ஸ்டாகிராமுக்காக மட்டுமே காய்ச்சுனதுன்னு ஒரே மடக்குல தெரிஞ்சிடும்.

ஏன் கடைக்கு வராம டாப்ரூமாவே பெருகுது?

மூணு காரணம் இருக்கு.

முதலாவது, பீரே பயணத்துக்கு ஒத்து வராது. கிருமி நீக்காத, ஈஸ்ட் இன்னும் உயிரோட இருக்கிற பீர் இது. டேங்க்ல இருந்து கிளாஸ் வரைக்கும் குளிர்ச்சி விட்டுப்போகக் கூடாது. 2020 மார்ச்சில் திடீர்னு லாக்டவுன் வந்தப்போ இந்தப் பலவீனம் அப்பட்டமா தெரிஞ்சது. பாட்டில் கம்பெனிகளின் சரக்கு குடோனில் பத்திரமா இருந்துச்சு. மைக்ரோபிருவரிகளோ டேங்க் டேங்கா நல்ல பீரைச் சாக்கடையில் திறந்துவிட வேண்டியதாச்சு. அப்புறம்தான் கர்நாடகம் மாதிரி சில மாநிலங்கள் பார்சலுக்குத் தற்காலிக அனுமதி கொடுத்தாங்க.

ரெண்டாவது, விளம்பரம். டிவியில் மது விளம்பரத்துக்குத் தடை. அதனாலதான் பெரிய கம்பெனிகள் சோடா, குடிநீர், மியூசிக் சிடின்னு சுத்தி வளைச்சு பேரைக் காட்டுறாங்க. சின்ன கம்பெனிகிட்ட அதுக்குக் காசு ஏது? செம்பு நிற டேங்குகள் கண்ணாடிக்குப் பின்னாடி பளபளக்க, ஆயிரம் பேர் செல்ஃபி எடுக்கிற ஒரு கட்டடம்தான் அவங்களுக்கு ஹோர்டிங்.

மூணாவதுதான் முக்கியமானது. ஒரு புது பீரை பாட்டிலில் அடைச்சு விற்கணும்னா, விற்கப்போற ஒவ்வொரு மாநிலத்திலும் அந்த லேபிளைத் தனித்தனியா பதிவு பண்ணணும். தனிக் கட்டணம், தனி விலை ஒப்புதல், வருஷா வருஷம் புதுப்பிப்பு. பாட்டில் மேல என்ன எச்சரிக்கை வாசகம், எந்த மொழியில், எந்த மாநிலத்துக்கு மட்டும் என்பது வரைக்கும் மாறும். நாலு பீர், ஆறு மாநிலம்னா 24 ஃபைல். டாப்ரூமில் பாட்டிலும் இல்ல, லேபிளும் இல்ல. கலால் கணக்கும் பரிசோதனையும் உண்டுதான். ஆனா சுவரில் மாட்டின பலகையில் இன்னைக்கு ஒரு பீரை அழிச்சு, அடுத்த வாரம் வேற ஒண்ணு எழுத முடியும். “புதுசா என்ன இருக்கு?”ன்னு நாம கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியுற ஒரே இடம் அதுதான்.

ஒரே நாடு... ஆனா பீருக்கு மட்டும் பல நாடு!

மது என்பது அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் வருது. உற்பத்தி, கொள்முதல், விற்பனை எல்லாம் 8-வது இனம். கலால் வரி 51-வது இனம். ஜிஎஸ்டி வந்தப்பவும் குடிக்கிற மதுவை மட்டும் வெளியே நிறுத்திட்டாங்க. மாநிலங்கள் கடைசி வரைக்கும் விட்டுக்கொடுக்க மறுத்த வருமானம் அது. இன்னொரு பக்கம், 47-வது பிரிவு மதுவிலக்கை நோக்கிப் போகணும்னு அரசுக்கு வழிகாட்டுது. மது வியாபாரம் பண்றது யாருக்கும் அடிப்படை உரிமை கிடையாதுன்னு 1994-ல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு. அதாவது, ஒரு மாநிலம் உரிமம் தரலைன்னா ‘ஏன் தரல’ன்னு கோர்ட்டில் போய் மல்லுக்கட்ட பெரிசா எதுவும் இல்ல.

இதோட விளைவை மூணு கம்பெனிகளை வெச்சுப் பார்த்தா சுலபமா புரியும்.

டோயிட்: கர்நாடகத்தில் மைக்ரோபிருவரி உரிமம் வாங்கினா, காய்ச்சுற இடத்திலேயே ஊத்திக் கொடுக்கணும் என்பதுதான் ஏற்பாடு. அதனால டோயிட் புனேவுக்குப் போனப்போ பெங்களூரு பீரை லாரியில் ஏத்திக்கிட்டுப் போகல. டேங்க், பைப், பாய்லர், காய்ச்சுற ஆள் எல்லாத்தையும் மறுபடி முதல்ல இருந்து போட வேண்டியிருந்துச்சு. ஒரு ஹோட்டல் கிளை திறக்கிற செலவு வேற, ஒரு ஃபேக்டரியே திறக்கிற செலவு வேற.

டூலாலி: 2009-ல் புனேயில் ஆரம்பிச்ச, இந்தியாவின் ஆரம்பகால மைக்ரோபிருவரிகளில் ஒண்ணு. பேருக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. நாசிக் பக்கத்தில் இருக்கிற தேவ்லாலி ராணுவ முகாமில் கப்பலுக்குக் காத்திருந்து காத்திருந்து பித்துப்பிடிச்ச பிரிட்டிஷ் சிப்பாய்களால், ‘டூலாலி’ என்றாலே ஆங்கிலத்தில் கிறுக்குப் பிடிச்சதுன்னு அர்த்தம் ஆயிடுச்சு. மகாராஷ்டிராவில் ஒரு இடத்தில் காய்ச்சி, மாநிலத்துக்குள்ள உரிமம் இருக்கிற மத்த இடங்களுக்கு கெக் எனும் உருளைகளில் அனுப்ப வழி இருக்கு. அதனால டூலாலியால் மும்பையில் பிருவரிகளாக இல்லாம டாப்ரூம்களாகவே பரவ முடிஞ்சது. அதே விதியாலதான் கேட்வே, கிரேட் ஸ்டேட் மாதிரி சின்ன தயாரிப்பாளர்கள் சொந்தமா பப் நடத்தாமலே மத்தவங்க பார்களுக்கு பீர் சப்ளை பண்ண முடியுது. பீர் அதே பீர்தான், விதியில் ஒரு வரி வேற. தொழிலின் உருவமே மாறிடுது.

ஆர்பர்: அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்து ஆர்பர் பிருவிங் கம்பெனியின் பேரோட 2012-ல் பெங்களூரில் திறந்தது. பப்பில் பேர் வாங்கியாச்சு, இனி கேனில் அடைச்சு கடைக்குப் போகலாம்னு முடிவு பண்ணப்போ அவங்க போன ஊர் கோவா. ‘பீச் ஷாக்’ ஐபிஏ கேன் அங்கிருந்துதான் வருது. பெங்களூரில் பிறந்த பிராண்டு, கேனுக்காக வேற மாநிலத்தில் ஃபேக்டரி.

‘பிரைவேட்’ என்ற ஒரே வார்த்தை... பிரா 91-க்கு என்ன ஆச்சு?

உரிமத் தாள் ஒரு கம்பெனியை எவ்வளவு ஆட்டிப்பார்க்கும் என்பதற்கு பிரா 91-ஐ விட நல்ல உதாரணம் கிடைக்காது. அங்கூர் ஜெயின் 2015-ல் இதைக் கொண்டுவந்தப்போ பீர் பெல்ஜியத்தில் காய்ச்சி இறக்குமதி ஆச்சு. 91 என்பது நம்ம நாட்டு டெலிபோன் கோடு. குரங்கு லோகோ, கலர் கலர் கேன்னு பெரிய நகரத்து இளைஞர்கள் மத்தியில் தீயாய்ப் பரவிச்சு. ஜப்பானின் கிரின் நிறுவனம் முதலீடு பண்ணிச்சு. பெங்களூரு கோரமங்களாவில் சொந்த டாப்ரூம் திறந்தாங்க. 2022-ல் ‘தி பீர் கஃபே’ என்ற பார் செயினையே வாங்கிட்டாங்க.

அடுத்து பங்குச் சந்தைக்குப் போகணும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் 200 பங்குதாரருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு கம்பெனி சட்டம் சொல்லுது. அதனால ‘பி9 பெவரேஜஸ் பிரைவேட் லிமிடெட்’ என்ற பேரில் இருந்து ‘பிரைவேட்’டை எடுத்தாங்க. வேற எந்தத் தொழிலா இருந்தாலும் லெட்டர்ஹெட் மாத்தினா வேலை முடிஞ்சிருக்கும்.

மதுவில் அப்படி நடக்காது. லேபிளில் தயாரிப்பாளர் பேர் இருக்கு. பேர் மாறினா அது சட்டத்தின் பார்வையில் புது லேபிள். மாநிலம் மாநிலமா மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் பதிவு. நாலஞ்சு மாசம் பல மார்க்கெட்டில் சரக்கு விற்க முடியலைன்னு நிறுவனர் தரப்பே சொல்லிச்சு. பழைய பேர் அச்சான ஸ்டாக் மட்டும் சுமார் 80 கோடி ரூபாய்க்கு வீணாச்சு. 2022-23-ல் 824 கோடியா இருந்த வருவாய் 2023-24-ல் 638 கோடியா விழுந்துச்சு. நஷ்டம் 748 கோடி. வருமானத்தை விட நஷ்டம் அதிகம்! 2025-ல் சம்பள பாக்கிக்காக ஊழியர்களே நிறுவனரை மாத்தணும்னு கையெழுத்து போட்டு எழுதுற அளவுக்குப் போச்சு.

இங்க ஒண்ணு நியாயமா சொல்லணும். எல்லாப் பழியையும் அந்த ஒரு வார்த்தை மேல போட முடியாது. பேர் மாத்துற சிக்கல் கணக்கில் ஏறுறதுக்கு முன்னாடியே, 2022-23-ல் கம்பெனி 445 கோடி நஷ்டத்தில்தான் ஓடிட்டு இருந்துச்சு. முதலீட்டாளர் காசை வெச்சு வளர்ச்சியை வாங்கிட்டு இருந்த கம்பெனிக்கு, மூச்சுவிட இடம் இல்லாத நேரத்தில் கலால் விதி கழுத்தைப் பிடிச்சது. ‘டாப்ரூம் அதிகமாகுது, பீர் வகை அதிகமாகுது, அப்போ கம்பெனி நல்லா போகுது’ன்னு நினைக்கிற பழக்கத்தை இனிமே கொஞ்சம் நிறுத்தி யோசிக்கலாம்.

சரி... சென்னைக்கு ஏன் வரல?

தமிழ்நாட்டில் மது சம்பந்தப்பட்ட அடிப்படைச் சட்டத்தோட பேரே தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ராஜாஜி காலத்தில் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்த அதே சட்டம்தான், திருத்தம் மேல திருத்தத்தோட இன்னமும் அமலில் இருக்கு. எம்ஜிஆர் ஆட்சியில் 1983-ல் டாஸ்மாக் உருவாகி மொத்த விற்பனை முழுக்க அதன் கைக்குப் போச்சு. ஜெயலலிதா ஆட்சியில் 2003-ல் சில்லறை விற்பனையும் வந்து சேர்ந்துச்சு. தமிழ்நாட்டில் பீர் ஃபேக்டரிகள் இல்லாம இல்ல. மோகன் பிருவரீஸ், எஸ்என்ஜே எல்லாம் இங்கதான் காய்ச்சுறாங்க. ஆனா காய்ச்சுறவர் வாடிக்கையாளருக்கு நேரா விற்க முடியாது. எல்லாமே டாஸ்மாக் குடோன் வழியாதான் போகணும். ஸ்டார் ஹோட்டல் பாரும் கிளப்பும்கூட டாஸ்மாக்கிடம்தான் வாங்கணும்.

மைக்ரோபிருவரியை இந்த அமைப்புக்குள்ள எங்க பொருத்துவீங்க? ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டி கணக்கு வெச்சுக்கிறதுதான் இங்கத்த முறை. டாப்ரூமில் ஸ்டிக்கர் ஒட்ட பாட்டிலே கிடையாது. குடோனுக்கு அனுப்பி திரும்ப வாங்கினா பீர் கெட்டுப்போகும். காய்ச்சுறவரும் ஊத்துறவரும் ஒரே ஆள் என்பதுதான் மைக்ரோபிருவரியின் அர்த்தமே. அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல அரசு நிக்கணும் என்பதுதான் டாஸ்மாக்கின் அர்த்தம். சும்மா ஒரு உரிமத்தைப் புதுசா சேர்த்தா தீர்ற விஷயம் இல்ல இது. நாப்பது வருஷ ஏற்பாட்டில் முதல் ஓட்டை போடணும்.

அந்த ஏற்பாட்டில் எவ்வளவு பணம் இருக்குன்னு பாருங்க. டாஸ்மாக் வழியா அரசுக்கு வந்த வரி வருவாய் 2023-24-ல் 45,855 கோடி ரூபாய், 2024-25-ல் 48,344 கோடி ரூபாய். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பத்து இருபது டாப்ரூமில் இருந்து வரக்கூடிய பணம் இதுக்குப் பக்கத்தில் சில்லறை. அதுக்காக எந்த அரசும் ‘புதுசா சாராயக் கடை திறக்குறாங்க’ என்ற பேரை வாங்கிக்க விரும்பாது. 2016-ல் ஜெயலலிதாவும் 2023-ல் ஸ்டாலின் அரசும் தலா 500 கடைகளை மூடினதைத்தான் சாதனையா சொன்னாங்க. திறந்ததை யாரும் மேடையில் சொல்ல மாட்டாங்க.

இதே நேரத்தில் ஈசிஆரில் 150 கிலோமீட்டர் போனா புதுச்சேரியில் ‘கேட்டமரான்’ என்ற மைக்ரோபிருவரி இயங்குது. அங்க டாஸ்மாக் கிடையாது, யூனியன் பிரதேசத்துக்குத் தனி கலால் சட்டம். பெங்களூரில் கைஸ்ட் கம்பெனியின் பிருவரி இருக்கிற ரோட்டுக்குப் பேர் ‘ஓல்டு மெட்ராஸ் ரோடு’. மெட்ராஸுக்கு வர்ற பழைய ரோட்டில்தான் காய்ச்சுறாங்க. மெட்ராஸில் அதை ஊத்திக்கொடுக்கிற டாப்ரூம் இல்ல.

வந்தா நல்லதா?

டாப்ரூம் ஆதரவாளர்கள் வழக்கமா ஒரு வாதம் வைப்பாங்க: தரமான, ஆல்கஹால் கம்மியான பீர் வந்தா டாஸ்மாக் பிரச்சினை குறையும்னு. எனக்கு இதில் நம்பிக்கை இல்ல. ஒரு மக் கிராஃப்ட் பீர் விலைக்கு டாஸ்மாக்கில் ரெண்டு பாட்டில் பீர் வாங்கலாம். கூலி வேலை முடிச்சு குவார்ட்டர் வாங்குறவர் ஹெஃபவைசனுக்கு மாறப்போறதில்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60-க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்களே, அவங்க வாழ்க்கைக்கும் இந்த விவாதத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இது நடுத்தர, மேல்நடுத்தர வர்க்கத்தின் வசதி பற்றிய கேள்வி. அதை அப்படியே ஒத்துக்கிட்டுப் பேசுறதுதான் நேர்மை.

மறுபக்கம், அரசே கடை நடத்தி வருஷத்துக்கு 48,000 கோடி பார்த்துக்கிட்டு, ஒரு சின்ன தயாரிப்பாளருக்கு மட்டும் ‘சமூக நலன்’ காரணம் சொல்றதும் இடிக்குது. தடையில் கொள்கை இருக்கிற மாதிரி தெரியல. இருக்கிற கணக்குப்புத்தகத்தில் இதுக்கு ஒரு காலம் இல்ல, அவ்வளவுதான். உணவுத் தொழிலில், ஹோட்டல் மேனேஜ்மென்ட்டில், பயோடெக்கில் படிச்சு பிருவரா ஆகணும்னு நினைக்கிற தமிழ்நாட்டுப் பையனோ பொண்ணோ வேலைக்கு வேற மாநிலம்தான் போகணும். தண்ணீர் விஷயத்தையும் மறக்க வேண்டாம். ஒரு லிட்டர் பீர் காய்ச்ச பல லிட்டர் தண்ணி செலவாகும். 2024 கோடையில் பெங்களூரு குடத்தோட வரிசையில் நின்னதைப் பார்த்தோம். சென்னைக்கு 2019 ஞாபகம் இருக்கும்.

அப்போ ரெண்டு கேன் வாங்கி பையில் போட்டுட்டு வரலாமா?

கூடாது. வெளிமாநில மதுவை அனுமதி இல்லாம தமிழ்நாட்டுக்குள் கொண்டு வர்றது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். புதுச்சேரியில் இருந்து வந்தாலும் சரி, ஓசூர் வழியா வந்தாலும் சரி. ‘ஒரே ஒரு கேன்தானே, கிஃப்டு’ன்னு சொல்றது சோதனைச்சாவடியில் எடுபடாது.

தமிழ்நாட்டுக்கு மைக்ரோபிருவரி வரணும்னா விதியைத் திருத்தணும், டாஸ்மாக்கின் தனியுரிமைக்கு விலக்கு எழுதணும், டேங்க் அளவை வெச்சு வரி போடுற முறையைப் புதுசா கொண்டு வரணும். அந்த ஃபைல் என்னைக்காவது தொடங்கினா, அது போய் நிற்கப்போற துறையின் பேர்: மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை.